அதிதீவிர சிகிச்சையில் டயலிசிஸ் அளவு: எழுதுவது முதல் போய்ச்சேர்வது வரை

கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளில், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் இளநிலை வைத்தியர்களுக்காகவும் தாதிய உத்தியோகத்தர்களுக்காகவும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. எலிக்காய்ச்சல், கிருமித்தொற்று அதிர்ச்சி, கண்ணாடி விரியன் தீண்டல், கடுமையான டெங்கு, பெரிய சத்திரசிகிச்சை என்று காரணம் எதுவாயினும், சிறுநீரகங்கள் திடீரெனச் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்பு, அதாவது டயலிசிஸ், தேவைப்படும் நோயாளிக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு கொடுக்க வேண்டும்? கொடுப்பதாக எழுதியதில் எவ்வளவு உண்மையில் நோயாளியைச் சென்றடைகிறது? முதற் கேள்விக்கு ஆய்வுலகம் ஏறத்தாழத் தெளிவான விடையைத் தந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒவ்வொரு நாளும் விடை காண வேண்டியிருக்கிறது. ஆகவே இவ்வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்வியையே பற்றியதாகும். சிகிச்சையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிறுநீரக வைத்திய நிபுணரும் தீவிர சிகிச்சை நிபுணரும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள்; கீழுள்ள கணக்குகள் அம்முடிவுகளைச் செயற்படுத்துவதற்கு உதவுவன.

அளவு பற்றி ஆய்வுகள் கூறுவது

2000ஆம் ஆண்டில் இத்தாலியில் 425 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில், தொடர் சிகிச்சையின், அதாவது இரவுபகலாக இயந்திரம் மெதுவாக ஓடும் முறையின், அளவை மணித்தியாலத்துக்குக் கிலோகிராமுக்கு 20 மில்லிலீற்றரிலிருந்து 35 ஆக உயர்த்தியபோது உயிர்பிழைத்தோர் 41 வீதத்திலிருந்து 57 வீதமாக அதிகரித்தனர். 45 மில்லிலீற்றருக்கு உயர்த்தியபோது மேலதிகப் பயன் எதுவும் தென்படவில்லை. அதன் பின்னர் பல ஆண்டுகள், கூடுதலாகக் கொடுப்பதே நல்லது என்ற நம்பிக்கை உலகெங்கும் நிலைத்தது. அந்த நம்பிக்கையை இரண்டு பெரிய ஆய்வுகள் மாற்றின. 2008இல் வெளியான அமெரிக்க ஏ.டி.என். ஆய்வில் 1,124 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வாரத்துக்கு ஆறு தடவை ஹீமோடயலிசிஸ் (சில மணித்தியாலம் மட்டும் நடக்கும் இடைவிட்ட முறை) அல்லது 35 மில்லிலீற்றர் அளவில் தொடர் சிகிச்சையும், மற்றைய குழுவினருக்கு வாரத்துக்கு மூன்று தடவை அல்லது 20 மில்லிலீற்றர் அளவில் தொடர் சிகிச்சையும் வழங்கப்பட்டன. அறுபதாம் நாளில் இறப்பு முறையே 53.6 வீதமாகவும் 51.5 வீதமாகவும் இருந்தது. 2009இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,508 பேரிடம் நடந்த ரீனல் ஆய்வு 40 மில்லிலீற்றரையும் 25 மில்லிலீற்றரையும் ஒப்பிட்டது. தொண்ணூறாம் நாளில் இறப்பு இரு குழுக்களிலும் ஒரே 44.7 வீதம். கிருமித்தொற்று அதிர்ச்சியில் 70 மில்லிலீற்றர் வரை சென்று பார்த்த ஐவோர் ஆய்வும் 2013இல் அதே முடிவையே தந்தது.

இவற்றுள் 2013க்கு முந்திய ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு 2012ஆம் ஆண்டின் கேடிகோ (சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டல் இரண்டு இலக்குகளை வகுத்தது. தொடர் சிகிச்சையாயின், நோயாளியைச் சென்றடையும் அளவு, இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத்திரவமாகக் கணக்கிட்டு, மணித்தியாலத்துக்குக் கிலோகிராமுக்கு 20 முதல் 25 மில்லிலீற்றர். இடைவிட்ட அல்லது நீட்டிக்கப்பட்ட சிகிச்சையாயின், வாரத்துக்கான கேடி/வி (சுத்தமான குருதியின் அளவை உடல்நீரால் வகுத்து வரும் எண்) 3.9, அதாவது வாரத்துக்கு மூன்று தடவையாயின் தடவைக்கு 1.3. இங்கே இலக்கு என்பது எழுதும் அளவைக் குறிக்கவில்லை, சென்றடையும் அளவையே குறிக்கிறது. இதைச் சென்றடைய வேண்டுமாயின் எழுதும் அளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவ்வழிகாட்டலே சொல்கிறது. அவ்வாய்வுகளின் சிறப்பு அவற்றின் எண்களில் மட்டும் இல்லை. எழுதியதைப் பெருமளவு கொடுத்துக் காட்டியதிலும் இருக்கிறது. ரீனல் ஆய்வில் 25 மில்லிலீற்றர் எழுதப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 22 மில்லிலீற்றர் சென்றடைந்தது. நம் விடுதியில் 25 என்று எழுதிவிட்டு 15 மட்டும் சென்றடைந்தால், அந்த ஆய்வு தரும் உறுதி நம் நோயாளிக்குப் பொருந்தாது.

முதற்படி: நோயாளியின் நிறையையும் உடல்நீரையும் தீர்மானித்தல்

எல்லாக் கணக்கும் நிறையிலிருந்து தொடங்குகிறது. பெரும்பாலான பிழைகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. செயற்கைச் சுவாசத்தில் படுத்திருப்பவரை நிறுக்க நிறைகாட்டும் கட்டில் வேண்டும். அது இல்லாத இடத்தில் நிறையைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. குடும்பத்தாரிடம் நோய்க்கு முந்திய நிறையைக் கேளுங்கள். அண்மைய கிளினிக் புத்தகத்திலோ மயக்க மருந்துக் குறிப்பிலோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறையை எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். காலை ஒருவர் 55 என்றும் மாலை இன்னொருவர் 70 என்றும் வைத்துக் கணக்கிட்டால் அளவைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

வழிகாட்டி முழுவதற்கும் கற்பனை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையின் தாழ்நிலங்கள் மூழ்கும் பருவத்தில், வெள்ளநீரில் நடந்து திரிந்து எலிக்காய்ச்சலுக்கு உள்ளான நாற்பத்தைந்து வயது ஆண் அவர். நோய்க்கு முன் 60 கிலோகிராம். நாரட்ரினலின் உதவியுடன் குருதியமுக்கம் காக்கப்படுகிறது. மூன்று நாட்களில் 8 லீற்றர் திரவம் உடலில் மிகுந்துவிட்டது. இவருடைய உடல்நீர் நோய்க்கு முன் 60 வீதம் என்று கொண்டால் 36 லீற்றர். இன்று அது 44 லீற்றர். தொடர் சிகிச்சைக்கு 60 கிலோகிராமையும், கேடி/வி கணக்குக்கு 44 லீற்றரையும் பயன்படுத்துவதே என் பரிந்துரை. வீக்கமுள்ள நோயாளியின் உடல்நீரை வழக்கமான சூத்திரங்கள் குறைத்து மதிப்பிடுகின்றன. அதனால் தாளில் தெரியும் கேடி/வி உண்மையானதைவிட அழகாகத் தோன்றும்.

இரண்டாம் படி: எந்த முறை, எப்போது

எப்போது தொடங்குவது என்பதை விரைவாகவே கடந்துவிடலாம். 2020இன் ஸ்டார்ட் ஆய்வு ஏறத்தாழ மூவாயிரம் நோயாளிகளிடம் முன்கூட்டித் தொடங்குவதால் இறப்புக் குறைவதில்லை என்று காட்டியது; அத்துடன், தொண்ணூறாம் நாளிலும் டயலிசிஸில் தங்கியிருந்தோர் முன்கூட்டித் தொடங்கிய குழுவிலேயே கூடுதலாக இருந்தனர். மருந்துக்கு அடங்காத பொற்றாசிய உயர்வு, பி.எச். 7.15க்குக் கீழான அமிலத்தன்மை, நுரையீரலில் நீர் கோத்தல், யூரிமியாவின் (குருதியில் கழிவுகள் தேங்குவதன்) சிக்கல்கள் ஆகியவை தோன்றினால் தாமதிக்க வேண்டாம். தோன்றாதவரை கவனமாகக் காத்திருக்கலாம். எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை ஒரு விலக்கை மனத்திற்கொள்வது நல்லது. பிரேசிலில் 33 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2007இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், தாமதித்து ஒன்றுவிட்ட நாட்களில் டயலிசிஸ் செய்த காலத்தில் 66.7 வீதமாயிருந்த இறப்பு, உடனடியாகத் தொடங்கி நாள்தோறும் செய்த காலத்தில் 16.7 வீதமாகக் குறைந்தது. அது எழுமாற்று முறையில் செய்யப்பட்ட ஆய்வு இல்லை, எண்ணிக்கையும் சிறிது. இருந்தும், நுரையீரல் பாதிக்கப்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளியை இந்நாட்டில் அடிக்கடி பார்ப்பவர்கள் அதை அறிந்திருப்பது அவசியம்.

குருதியமுக்கம் நிலையற்றவருக்கும், மூளை வீக்கம் உள்ளவருக்கும், தீவிர ஈரல் செயலிழப்பு உள்ளவருக்கும் தொடர் சிகிச்சை பொருத்தமானது. அதற்கான வடிகட்டித் தொகுதிகளும் திரவப் பைகளும் இறக்குமதியாகின்றன, செலவு பெரிது. சாதாரண ஹீமோடயலிசிஸ் இயந்திரத்தையே மெதுவான ஓட்டத்தில் 6 முதல் 12 மணித்தியாலம் வரை இயக்கும் நீட்டிக்கப்பட்ட முறை, ஸ்லெட் என்று பலரும் அழைப்பது, நம் போன்ற இடங்களுக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. அதற்குக் கட்டிலருகே தரமான தூய நீர் வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய எதிர்ச்சவ்வூடுபரவல் கருவி இல்லாத பிரிவில் இம்முறையைத் திட்டமிட்டுப் பயனில்லை.

மூன்றாம் படி: கதீற்றர்

அளவின் எதிரிகளில் முதலாவது மோசமான கதீற்றர், அதாவது குருதியை எடுக்கவும் திருப்பவும் நாளத்தில் இடும் குழாய். வலது கழுத்து நாளம் முதல் தெரிவு. தொடை நாளம் இரண்டாவது. இடது கழுத்து நாளம் மூன்றாவது. காறையெலும்புக் கீழ்நாளம் கடைசி. நீளம் இடத்துக்கேற்ப மாறும்: வலது கழுத்துக்கு 12 முதல் 15 சென்ரிமீற்றர், இடது கழுத்துக்கு 15 முதல் 20, தொடைக்கு 19 முதல் 24. தொடையில் குட்டைக் கதீற்றரைப் போட்டால், சுத்தமான குருதியே திரும்பவும் இயந்திரத்துக்குள் இழுக்கப்படும். திரையில் ஓட்டம் நன்றாகத் தெரியும், நோயாளியின் யூரியா இறங்காது. குழாய்களை மாற்றி இணைத்து ஓட்டத்தைக் காப்பாற்றுவதும் அதே மீள்சுழற்சியைக் கூட்டும். அவசரத்துக்குச் செய்யலாம், ஆனால் செய்ததைக் குறித்துவைத்து விரைவில் கதீற்றரை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

நான்காம் படி: தொடர் சிகிச்சையின் அளவை எழுதுதல்

தொடர் சிகிச்சையில் அளவு என்பது மணித்தியாலத்துக்கு வெளியேறும் முழுக் கழிவுத்திரவமாகும். டயலிசிஸ் திரவம், மாற்றீட்டுத் திரவம், நோயாளியிடமிருந்து நிகரமாக அகற்றும் நீர் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை அது. அதை 24 மணித்தியாலத்துக்குச் சராசரியாக்கிப் பார்க்க வேண்டும்.

நம் நோயாளிக்குச் சென்றடைய வேண்டியது 22 மில்லிலீற்றர் என்று தீர்மானிக்கிறோம். 60 கிலோகிராமுக்கு அது மணித்தியாலத்துக்கு 1,320 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 31.7 லீற்றர். இயந்திரம் 24 மணித்தியாலமும் ஓடாது. வடிகட்டி உறையும், பை மாற்ற நேரமாகும், ஸ்கானுக்கு நோயாளியைக் கொண்டு செல்ல நேரும். 20 மணித்தியாலம் ஓடும் என்று எதிர்பார்த்தால், மணித்தியாலத்துக்கு 1,600 மில்லிலீற்றர் எழுத வேண்டும். கிலோகிராமுக்கு ஏறத்தாழ 27. டயலிசிஸ் திரவம் 800, மாற்றீட்டுத் திரவம் 700, நிகர நீரகற்றல் 100 என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து வடித்தல் பின்னத்தைப் பாருங்கள். வடிகட்டிக்குள் வரும் குருதித் திரவவிழையத்தில் எத்தனை வீதம் அங்கே பிழிந்தெடுக்கப்படுகிறது என்பதே அது. 20 முதல் 25 வீதத்துக்கு மேற்போனால் குருதி தடித்து வடிகட்டி உறையும். குருதியோட்டம் நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர், ஹீமற்றோகிறிற் (குருதியில் செங்கலங்களின் பங்கு) 30 வீதம் என்றால், திரவவிழைய ஓட்டம் மணித்தியாலத்துக்கு 6,300 மில்லிலீற்றர். மாற்றீட்டுத் திரவத்தை வடிகட்டிக்குப் பின் சேர்க்கும்போது, பிழிந்தெடுக்கப்படுவது 700உம் 100உமாக 800, பின்னம் 12.7 வீதம். இதே 1,600ஐயும் டயலிசிஸ் திரவம் இல்லாமல் முற்றிலும் வடித்தல் மூலமே பெற முயன்றால் பின்னம் 25.4 வீதமாகும், கதீற்றர் தகராறு செய்து ஓட்டம் 120க்கு இறங்கினால் 31.7 வீதம். இரண்டாவது வடிகட்டியும் உறைந்த பின்னர் உறைதடுப்பு மருந்தான ஹெபரினைக் கூட்டுவதற்கு முன், இந்த ஒரு வகுத்தலைச் செய்து பாருங்கள்.

மாற்றீட்டுத் திரவத்தை வடிகட்டிக்கு முன் சேர்த்தால் உறைதல் குறையும். அதற்கும் ஒரு விலை உண்டு. மணித்தியாலத்துக்கு 9,000 மில்லிலீற்றர் குருதியுடன் 700 மில்லிலீற்றர் திரவம் கலக்கும்போது குருதி ஐதாகிச் சுத்திகரிப்பு ஏறத்தாழ 7 வீதம் குறைகிறது, 20 மணித்தியாலம் ஓடினால் கிலோகிராமுக்கு 22.2 சென்றடையும் என்று கணக்கிட்டது 20.6 ஆகிறது. இன்னும் இலக்குக்குள்தான். ஆனால் முற்கலப்பை 2,000 மில்லிலீற்றருக்கு உயர்த்திவிட்டு இந்தத் திருத்தத்தைச் செய்யாதிருந்தால் கணக்கு பொய்த்துவிடும்.

உறைதடுப்பைப் பொறுத்தவரை, வசதியுள்ள இடங்களில், கல்சியத்தைப் பிணைத்து உறைதலைத் தடுக்கும் சித்திரேற்று முதல் தெரிவு. வடிகட்டிக்குப் பின்னான அயனாக்கப்பட்ட கல்சியத்தை 0.25 முதல் 0.35 மில்லிமோல் வரை வைத்திருக்க வேண்டும். மொத்தக் கல்சியத்துக்கும் அயனாக்கப்பட்ட கல்சியத்துக்குமான விகிதம் 2.5ஐத் தாண்டினால் உடலில் சித்திரேற்று சேர்கிறது என்று ஐயுறுங்கள். அந்தப் பரிசோதனைகளை இரவிலும் உரிய நேரத்தில் செய்ய இயலாத பிரிவில் சித்திரேற்றைத் தொடங்குவது துணிச்சல் அன்று, அபாயம். டெங்கினாலோ எலிக்காய்ச்சலினாலோ குருதிச் சிறுதட்டுக்கள் வீழ்ந்தவருக்கு உறைதடுப்பு எதுவுமின்றியே, முற்கலப்புடனும் நல்ல ஓட்டத்துடனும் நடத்த வேண்டியிருக்கும்.

அளவை உயர்த்துவதால் நேரும் செலவையும் இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே எழுதிய அளவுக்கு நாளொன்றுக்கு 30 லீற்றர் திரவம், அதாவது 5 லீற்றர்ப் பைகள் ஆறு போதும். கிலோகிராமுக்கு 40 என்று எழுதினால் ஒன்பதுக்கு மேல் வேண்டும். உயிரைக் காப்பதில் அந்த மூன்று பைகள் எதையும் கூட்டுவதில்லை என்று ஆய்வு சொல்லும்போது, 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட ஒரு நாட்டில் அவற்றை வீணாக்க நியாயமில்லை.

ஐந்தாம் படி: இடைவிட்ட சிகிச்சையின் அளவை எழுதுதல்

கேடி/வி என்பதில் கே நிமிடத்துக்குச் சுத்தமாகும் குருதியின் அளவு, டி நேரம், வி உடல்நீர். குருதியோட்டம் 250 மில்லிலீற்றராக இருக்கும்போது வடிகட்டியின் யூரியாச் சுத்திகரிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 மில்லிலீற்றர் என்று கொள்வோம். நான்கு மணித்தியாலத்தில் 45.6 லீற்றர் சுத்தமாகும். நோய்க்கு முந்திய 36 லீற்றரால் வகுத்தால் 1.27 வருகிறது, இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று மகிழலாம். இன்றைய 44 லீற்றரால் வகுத்தால் 1.04 மட்டுமே. கதீற்றர் சரியில்லாமல் உண்மைச் சுத்திகரிப்பு 160க்கு இறங்கினால் 0.87. 1.3ஐ அடைய 190இல் ஓடினாலும் ஐந்து மணித்தியாலம் வேண்டும். நான்கு மணித்தியாலம் என்பது நாட்பட்ட நோயாளிகளுக்கான விடுதியிலிருந்து பழக்கத்தால் இங்கே வந்த எண். அதிதீவிர நோயாளியின் உடல் அந்தப் பழக்கத்தை அறியாது.

அதே நோயாளிக்கு ஸ்லெட் முறையில், நிமிடத்துக்கு 120 மில்லிலீற்றர் சுத்திகரிப்புடன் எட்டு மணித்தியாலம் ஓடினால் 57.6 லீற்றர் சுத்தமாகும், கேடி/வி 1.31. குருதியமுக்கமும் பெரும்பாலும் தாங்கும். ஒன்றுவிட்ட நாட்களில் இப்படி ஓடுவது இவருக்குப் போதும். பொற்றாசியமோ அமிலத்தன்மையோ திரவமோ கட்டுக்குள் வராதவரை நாள்தோறும்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. யூரியா மிக உயர்ந்த நிலையில் வருபவரின் முதலாவது தடவையில் அளவை வேண்டுமென்றே குறைக்க வேண்டும். குருதியோட்டம் 150 முதல் 200, நேரம் இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம், யூரியாக் குறைவு 40 வீதத்துக்கு மேற்படாமல். குருதியிலிருந்து யூரியா சடுதியாக இறங்கினால், மூளைக்குள் எஞ்சியிருப்பது நீரை உள்ளிழுத்து மூளை வீங்கும். தலைவலியில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். மயக்க மருந்தில் இருப்பவரிடம் அந்தத் தலைவலியை எவரும் கேட்டறிய முடியாது. அடுத்தடுத்த நாட்களில் படிப்படியாக முழு அளவுக்கு வரலாம்.

குருதியமுக்கம் ஊசலாடுபவருக்கு டயலிசிஸ் திரவத்தின் சோடியத்தை 145 அல்லது சற்று மேலாகவும் வெப்பநிலையை 35 பாகையாகவும் வைத்து, தொடக்கத்தில் நீரகற்றாமல் ஓடவிடுவது உதவும். இத்தகைய கவனங்களுடன் செய்யப்பட்ட இடைவிட்ட சிகிச்சை தொடர் சிகிச்சைக்கு இறப்பளவில் பின்தங்கவில்லை என்பதைப் பிரான்ஸில் 2006இல் வெளியான ஹீமோடயாஃப் ஆய்வு காட்டியது.

வயிற்றறை டயலிசிஸ் செய்ய நேர்ந்தால்

இயந்திரம் கிடைக்காத வெளிமாவட்ட வைத்தியசாலையிலிருந்து கொழும்புக்கு மாற்றும்வரை, சிலவேளை மாற்றவே இயலாதபோது, வயிற்றறைக்குள் திரவத்தை விட்டு எடுத்துச் சுத்திகரிக்கும் இம்முறை உயிர் காக்கும். சர்வதேச வயிற்றறை டயலிசிஸ் சங்கத்தின் வழிகாட்டல் அதிதீவிர நோயாளிக்கு வாரக் கேடி/வி 3.5 என்றும், பலருக்கு 2.2 போதுமென்றும் கூறுகிறது. நம் நோயாளிக்கு 2.2 என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 லீற்றர் உடல்நீருக்குச் சமமான சுத்திகரிப்பு. விரைவாக மாற்றப்படும் திரவத்தில் யூரியா முழுமையாக நிறைவதில்லை. எனவே 2 லீற்றர் வீதம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

ஆறாம் படி: சென்றடைந்ததை அளத்தல்

அதிகம் கைவிடப்படும் படி இதுவே. தொடர் சிகிச்சையாயின், ஒவ்வொரு நாளும் காலைப் பார்வையிடலுக்கு முன் தாதிய உத்தியோகத்தர் முந்திய 24 மணித்தியாலத்தின் மொத்தக் கழிவுத்திரவத்தை இயந்திரத்திலிருந்து எடுத்து, 24ஆலும் நிறையாலும் வகுத்து, நாடித்துடிப்புக்கும் சிறுநீர் அளவுக்கும் பக்கத்தில் எழுத வேண்டும். நம் நோயாளிக்கு வடிகட்டி உறைந்து புதியதை ஏற்ற மூன்று மணித்தியாலம், ஸ்கானுக்குப் போய்வர இரண்டரை, கதீற்றரைச் சரிசெய்ய மிகுதி என்று எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டது என்றால், ஓடிய 16 மணித்தியாலத்தில் 25.6 லீற்றர், சென்றடைந்தது 17.8, முற்கலப்பாயின் 16.5. எழுதியது 27. இந்த இடைவெளியைக் கண்டவுடன் ஓட்ட அளவைக் கூட்டிவிடுவது எளிது. இயந்திரம் ஏன் நின்றது என்று கேட்பதே பயன் தரும். புதிய வடிகட்டித் தொகுதி களஞ்சியத்திலிருந்து வரத் தாமதமாகிறதா? இரவில் அதை இணைக்கத் தெரிந்தவர் ஒருவரே இருக்கிறாரா? ஸ்கானுக்குப் போகும் நேரத்தைத் தொகுதி மாற்றும் நேரத்துடன் பொருத்த முடியுமா? இவற்றுக்கான விடைகள் எந்த மருந்தையும்விட அளவை உயர்த்தும்.

கழிவுத்திரவத்தின் அளவு சரியாக இருந்தும் சுத்திகரிப்பு குறையலாம். மெல்ல உறைந்துவரும் வடிகட்டி நீரை விடும், யூரியாவை விடாது. கழிவுத்திரவ யூரியாவைக் குருதி யூரியாவால் வகுத்துப் பாருங்கள். ஒன்றை ஒட்டியிருக்க வேண்டியது 0.8க்குக் கீழே இறங்கினால் வடிகட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இடைவிட்ட முறையாயின், தொடங்குமுன்னும் முடித்ததும் யூரியா எடுக்க வேண்டும். முடிக்கும்போது எடுக்கும் மாதிரியை, குருதியோட்டத்தை 100 மில்லிலீற்றருக்குக் குறைத்து 15 செக்கன் கழித்து, நோயாளியிடமிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயிலிருந்து எடுங்கள். திரும்பிவரும் குழாயிலிருந்து எடுத்தால் இயந்திரத்தையே பாராட்டிக்கொண்டிருப்போம். பிந்திய யூரியாவை முந்தியதால் வகுத்து வரும் விகிதத்திலிருந்து, 0.008ஐ மணித்தியாலங்களால் பெருக்கிக் கழித்து, அதன் இயற்கை மடக்கையை எதிர்க்குறி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன், 4இலிருந்து விகிதத்தின் மூன்றரை மடங்கைக் கழித்து, அகற்றிய லீற்றர்களால் பெருக்கி, நிறையால் வகுத்துக் கூட்டுங்கள். யூரியா 30இலிருந்து 10க்கு இறங்கி, நான்கு மணித்தியாலத்தில் 2 லீற்றர் அகற்றப்பட்டு, பிந்திய நிறை 65 கிலோகிராமாயின் விடை 1.29. நாட்பட்ட நோயாளிக்காக உருவான இச்சூத்திரம் அதிதீவிர நோயாளியிடம் துல்லியமானது என்று சொல்ல முடியாது; ஆனால் அளக்காமல் இருப்பதைவிட அளப்பது பன்மடங்கு மேல்.

அளவில் அடங்காதவை

யூரியாவை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் நோயாளியைத் தவறவிடுவோம். தசை சிதைந்து பொற்றாசியம் மணிக்கு மணி ஏறும் ஒருவருக்கு 25 மில்லிலீற்றர் முதல் நாளில் போதாமற் போகலாம். அப்போது கூட்டுவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, கட்டுப்பட்டதும் குறைத்துவிடலாம். நீரகற்றலும் தனியான ஓர் அளவுதான். ரீனல் ஆய்வின் தரவுகளை மீள ஆராய்ந்தபோது, நிகர நீரகற்றல் மணித்தியாலத்துக்குக் கிலோகிராமுக்கு 1.75 மில்லிலீற்றரைத் தாண்டியவர்களில் இறப்புக் கூடுதலாகக் காணப்பட்டது. அது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. ஆயினும் 60 கிலோகிராமுக்கு 105 மில்லிலீற்றர் என்பது நினைவில் வைத்திருக்கத்தக்க ஓர் எல்லை. நம் நோயாளியின் 8 லீற்றரை ஒரே நாளில் எடுக்க முனைய வேண்டாம்.

டயலிசிஸ் நல்லவற்றையும் சேர்த்தே அகற்றுகிறது. ரீனல் ஆய்வில் பொஸ்பேற்றுக் குறைவு கூடுதல் அளவு பெற்றவர்களில் 65 வீதத்தினருக்கும் குறைந்த அளவு பெற்றவர்களில் 54 வீதத்தினருக்கும் ஏற்பட்டது. பொஸ்பேற்று வீழ்ந்தால் சுவாசத் தசைகள் தளர்ந்து செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிப்பது தாமதமாகும். தொடர் சிகிச்சையில் பொற்றாசியம், பொஸ்பேற்று, மக்னீசியம் ஆகியவற்றை நாளுக்கு இருமுறை பாருங்கள். அமினோ அமிலங்களும் நாள்தோறும் இழக்கப்படுவதால் புரதத்தைக் கிலோகிராமுக்கு 1.7 கிராம் வரை உயர்த்தலாம்.

நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றி இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகம் இயங்கவில்லை என்பதற்காக மெரொபெனத்தைக் குறைத்து எழுதிவிட்டு, மறுபக்கத்தில் தொடர் சிகிச்சையால் அதை அகற்றிக்கொண்டிருந்தால் கிருமித்தொற்றே வெல்லும். தொற்றின் முதல் இரு நாட்களில் குறைத்துக் கொடுப்பதன் தீங்கு பெரும்பாலும் கூட்டிக் கொடுப்பதன் தீங்கைவிடப் பெரிது. இடைவிட்ட முறையில் இத்தகைய மருந்துகளைச் சிகிச்சை முடிந்த பின் கொடுங்கள். வன்கோமைசினுக்குக் குருதி மட்டம் பாருங்கள். இயந்திரம் எட்டு மணித்தியாலம் நின்ற நாளில் மருந்தளவும் மாறியிருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறக்கிறார்கள்.

நிறுத்துதல்

நீர்ப்பெருக்கி மருந்து இல்லாமல் நாளொன்றுக்கு 400 மில்லிலீற்றருக்கு மேல் சிறுநீர் வரத்தொடங்கினால் நிறுத்திப் பார்க்கலாம். ஏ.டி.என். ஆய்வில் சிறுநீர் மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றரைத் தாண்டியதும் சேகரித்த சிறுநீரில் கிரியேற்றினின் சுத்திகரிப்பை அளந்தனர்: நிமிடத்துக்கு 20 மில்லிலீற்றருக்கு மேலாயின் நிறுத்தினர், 12க்குக் கீழாயின் தொடர்ந்தனர், இடைப்பட்டதை வைத்தியரின் தீர்ப்புக்கு விட்டனர். செலவில்லாத, எங்கும் செய்யக்கூடிய முறை இது. நிறுத்திய அன்றே மருந்தளவுகளைத் திரும்பப் பாருங்கள். டயலிசிஸ் அகற்றிக்கொண்டிருந்த மருந்து இனி உடலில் தங்கும். கதீற்றரை உடனே அகற்ற வேண்டாம், பொற்றாசியமும் யூரியாவும் இரண்டு நாள் நிலையாக இருப்பதைக் கண்ட பின்னர் அகற்றுங்கள். அதற்கு மேல் ஒரு நாளும் அதை விட்டுவைக்க வேண்டாம்.